மெஷினுக்குள் படகு கிரீஸ்

பின்தகட்டைக் கழற்றியதும் படகு எஞ்சின் வாசனை வந்தது. துணி துவைக்கும் மெஷினுக்குள் அந்த வாசனைக்கு வேலையே இல்லை. டார்ச்சை வாளியின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். கன்ட்ரோல் போர்டுக்குப் போகும் வயர்களின் முனையில் இருந்த கனெக்டர் ஒவ்வொன்றிலும் கிரீஸ் கறுப்பாக அப்பியிருந்தது. இந்தத் தெருவில் இவ்வளவு தாராளமாக எதையும் அப்பக்கூடிய கை ஒன்றுதான் இருந்தது. உன்னை நன்றாகத் திட்ட வேண்டும்போல் இருந்தது.

நீ முதன்முதலில் என் வாசலுக்கு வந்தது நண்டுக் கொடுக்கு கிழித்த கையோடு. அதுவரை இந்தக் கோட்டைக்குப்பம் மீனவர் தெருவில் என் வீட்டுக்குள் யாரும் வந்ததில்லை. அனுப்பம்பட்டில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பெண் நான். இயற்பியல் படித்துவிட்டுப் பாடம் எடுக்க இந்தப் பக்கம் வந்தேன். வாடகை வீட்டில் தனியாக இருந்து, அப்படியே இருந்துவிட்டேன். தெருவில் எல்லோரும் எனக்கு வணக்கம் சொல்வார்கள். நானும் சொல்வேன். அதற்கு மேல் பேச்சு போனதில்லை. போகவிட எனக்கும் தெரியவில்லை.

"டீச்சர், கையில தண்ணி படக் கூடாதுன்னுட்டாங்க. உன் மிசின் சும்மாதான நிக்குது? எங்க வூட்டுக்காரு துணி நாலு போட்டுக்கினு போறேன்."

கேள்வியாகத் தொடங்கியதை நீயே முடிவாக்கிவிட்டு உள்ளே வந்தாய். கை ஆறிய பிறகும் வந்தாய். பிறகு பக்கத்து வீட்டு எல்லம்மாவைக் கூட்டி வந்தாய். கொஞ்ச நாளில் அரைத் தெருவும் என் பின்கட்டில் இருந்தது. ஒருநாள் சண்டை வந்தபோது நீ நடுவில் நின்று, ஏரியில் போடுவதுபோல இங்கேயும் பாடு போட்டுவிட்டாய். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று உங்கள் ஆண்கள் அந்தப் பெயரில் முறை வைத்திருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டு மெஷினுக்கு அது வரும் என்று நினைத்ததில்லை. செவ்வாய் எல்லம்மா, வெள்ளி நீ, மற்ற நாட்கள் மற்றவர்களுக்கு.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"நீ வூட்டுக்காரி. மிச்சத்துல போட்டுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு நானும் சத்தமாகச் சிரித்தேன் என்று பிறகு நீதான் சொன்னாய். எனக்கு ஞாபகமில்லை.

தினமும் மாலை நான் பள்ளியிலிருந்து வந்ததும் நீ தெரு நடுவில் நின்று கத்துவாய்: "ஏய், இன்னைக்கி யாரு பாடுடி? மிசின் தூங்குது பாரு!" பெண்கள் மூட்டையோடு வருவார்கள். துணி சுற்றும் நேரமெல்லாம் பேச்சுதான். நான் விடைத்தாள் திருத்துவதுபோல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என்னை யாரும் பேசச் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

ஒரு மழைக்காலத்தில் மெஷின் முதல்முறை நின்றபோது நாம் இருவரும்தான் திறந்தோம். நீ டார்ச் பிடித்தாய். உப்புக் காற்று கனெக்டர்களில் பச்சையாகப் பூத்திருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். மெஷின் முகப்பில் 'தண்ணீர் வரவில்லை' என்ற குறி எரிந்துகொண்டிருந்ததே என்று நீ கேட்டாய். குறி சொல்வதை நம்பக் கூடாது, அது எந்த வயரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறது என்று தேட வேண்டும் என்றேன்.

"நீ மிசினயும் நம்ப மாட்ட, மனுசங்களயும் நம்ப மாட்ட," என்றாய். பிறகு, "எங்க வூட்டுக்காரு கிரீஸ் பூசாம எஞ்சின கரையில வுட மாட்டாரு. நீ இத இப்டியே மூடப் போறியா?"

"இது கரண்ட் போற இடம். கிரீஸ் ஆகாது."

"உப்புக் காத்துக்கு உன் படிப்பெல்லாம் தெரியுமா இன்னா?"

அதற்குள் தலைமை ஆசிரியரின் போன் வந்தது. நான் முன்கட்டுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் நீ தகட்டை மூடித் திருகிக்கொண்டிருந்தாய். "ஆச்சு, போய் மூஞ்சிய கழுவு, கரியா கீது," என்றாய். கிரீஸ் வாசனை அடித்தது என்றுதான் நினைக்கிறேன். உன் சேலையில் எப்போதும் அது இருக்கும் என்பதால் நான் கவனிக்கவில்லை.

பிறகு நீ காய்ச்சலோடு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனாய், அங்கிருந்து சென்னைக்குப் போனாய். உன்னைத் திரும்பக் கொண்டுவந்தபோது தெருவே உன் வாசலில் நின்றது. நான் கடைசி வரிசையில் நின்றேன். எந்த முறையில் அழுவது என்று தெரியாதவர்கள் நிற்கும் இடம் அது.

பெண்கள் சில வாரம் வந்தார்கள். பேச்சு குறைந்திருந்தாலும் வந்தார்கள். அப்போதுதான் மெஷின் மறுபடி நின்றது. தண்ணீர் பிடிக்கும், சுற்றத் தொடங்கும் நேரத்தில் மூன்று முறை கத்திவிட்டு அடங்கிவிடும். மூடி திறந்திருக்கிறது என்று குறி காட்டியது. மூடி மூடித்தான் இருந்தது. வந்து பார்த்த மெக்கானிக் போர்டையே மாற்ற வேண்டும் என்றார். நான் நம்பவில்லை. ஆனாலும் திறந்து பார்க்கவில்லை. தனியாக டார்ச் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார மனம் வரவில்லை. "சரியானதும் சொல்றேன்" என்று எல்லம்மாவிடம் சொன்னேன்.

"அக்கா போனதுல இருந்து மிசினும் மொகத்த திருப்பிக்கிச்சு," என்றாள் அவள். எனக்கு எரிச்சல் வந்தது. இயந்திரத்துக்குத் துக்கம் கிடையாது என்று பாடம் நடத்துவதுபோல் சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பிறகு மெஷினைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாலைகள் பழையபடி எனக்கே எனக்காகிவிட்டன. ஒரு காலத்தில் நான் விரும்பியது அதைத்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்தேன். பிளக்கில் மின்சாரம் சரியாக இருந்தது, எர்த் சரியாக இருந்தது. மூடியின் சுவிட்சை மூடித் திறந்து பார்த்தேன், அதுவும் ஒழுங்காக வேலை செய்தது. சுவிட்ச் சொல்வது போர்டுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் நடுவில்தான் எங்கோ தடை. தகட்டைக் கழற்றினேன்.

உன் கிரீஸ் மணலைப் பிடித்து, கனெக்டரின் முள்ளுக்கும் துளைக்கும் நடுவில் படலமாக உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் உன் விரல் இழுத்த தடம் அப்படியே இருந்தது. படகுக்குச் செய்வதை என் மெஷினுக்கும் செய்திருக்கிறாய். கரையேறினால் கெட்டுப்போகாமல் காக்க வேண்டிய பொருள் என்று அதை நினைத்திருக்கிறாய். எல்லம்மா சொன்னதில் பாதி சரி. பழுது உன்னால்தான்.

ஸ்பிரிட்டில் துணியை நனைத்து எல்லாவற்றையும் துடைத்தேன். அந்தத் தடத்தையும் துடைத்தேன். துடைக்காமல் மெஷின் ஓடாது. துடைத்த துணியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் குப்பையில் போட்டேன்.

மெஷின் ஓடியது. இனி யாராவது தெருவில் நின்று கூப்பிட வேண்டும். வாசல்வரை போனேன். உன்னைப்போல் கத்த வாயைத் திறந்தால் என் தொண்டையிலிருந்து வருவது வருகைப்பதிவுக் குரல்தான் என்று தெரியும். திரும்பி வந்து என் இரண்டு சேலைகளைப் போட்டு ஓடவிட்டேன், சோதனைக்கு. சோதனைக்கு அவ்வளவு பவுடர் தேவையில்லை. வெளியேறும் தண்ணீர்க் குழாயைத் தென்னை மரத்தடியிலிருந்து எடுத்துத் தெருக் கால்வாயில் விட வேண்டிய அவசியமும் இல்லை. நுரை வீடு வீடாகக் கடந்து போனது.

முதலில் எல்லம்மாதான் வந்தாள். "இன்னா டீச்சர், மிசின் ஓடுது, ஒரு வார்த்த சொல்லக் கூடாது? நாங்க இன்னா நொரையப் பாத்துக்கினு வரணுமா?"

"இப்பதான் சரியாச்சு," என்றேன்.

இப்போது மாலையில் வருகிறார்கள். யாரும் தெருவில் கத்துவதில்லை. அவரவர் நாள் அவரவருக்குத் தெரியும். இன்னும் நான் விடைத்தாள்களோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். எல்லம்மா நேற்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். உன் வெள்ளிக்கிழமை காலியாகத்தானே இருக்கிறது, பசங்க யூனிபாரம் சேர்ந்துவிடுகிறது, தனக்குக் கொடுக்கக் கூடாதா என்று.

போர்டு சூடாகிறது, இந்த உப்புக் காற்றில் வாரத்துக்கு ஒரு நாள் அதை ஆறவிட வேண்டும் என்று சொன்னேன். டீச்சரே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டாள். எந்தப் போர்டுக்கும் அப்படி ஒரு நாள் தேவையில்லை. வகுப்பில் இத்தனை ஆண்டுகள் நான் சொன்ன எதையும் அவ்வளவு உறுதியான குரலில் சொன்னதில்லை.