கதவோர நாற்காலி

ஸ்ரீரங்கம்
18.8.2025

துவாக்குடி ஹாஸ்டலில் வாசம் செய்யும் மகாராணி அறிவுமதிக்கு,

உன் அத்தை வள்ளிக்கண்ணு, வளையல் கடையில் ஆள் வராத நேரம் பார்த்து எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். போன் போட்டால் நீ எடுப்பதில்லை, காதுக்குள் ஆள் நுழைகிற மாதிரி இருக்கிறது என்கிறாய். வாட்ஸ்அப்பில் தட்டலாம் என்றால் அந்தப் பொடி எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. நாலாம் வகுப்போடு விட்ட எழுத்தை உனக்காகத்தான் தேடிப் பிடித்து எழுதுகிறேன். மாடி வீட்டு பாலு துவாக்குடி பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற வரைக்கும் நமக்குத் தபால்காரர் எதற்கு?

என் மகள் வேணிக்கு ஏழாம் மாதம். வரும் ஞாயிறு வீட்டிலேயே வளைகாப்பு வைத்திருக்கிறோம். உன் அப்பாவுக்கு லால்குடியில் நடவு வேலை, வர முடியாதாம். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் முதல் ஆளாக வந்து நின்றிருப்பார். அவருக்குப் பதில் நீதான் வர வேண்டும். வராவிட்டால் உனக்கும் எனக்கும் உறவே கிடையாது, சொல்லிவிட்டேன்.

இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வக்கீலம்மா மாதிரி வராதே. ஊரில் உள்ள கைக்கெல்லாம் வளையல் போடுகிறேன், என் சொந்த மருமகள் கை மட்டும் மொட்டையாகக் கிடக்கிறது. இந்தத் தடவை விட மாட்டேன்.

போன தடவை ஒற்றைச் செருப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போனாய். அது கடையில் உட்கார்ந்து ஜோடியைத் தேடி அழுகிறது. வந்து கூட்டிக்கொண்டு போ, மறதி மகாராணியே.

அன்பு அத்தை,
வள்ளிக்கண்ணு

*

துவாக்குடி
20.8.2025

வள்ளி அத்தைக்கு,

வணக்கம். வேணி அக்காவுக்கு வாழ்த்து சொல்லுங்கள்.

'உறவே கிடையாது' என்று எழுதியது நிஜமா, கிண்டலா? இரண்டு நாளாக யோசித்தேன். மெஹ்ரீன் என் அறைத்தோழி. அவள் கிண்டல்தான் என்றாள். இருந்தாலும் வருகிறேன்.

மூன்று விஷயம் கேட்கிறேன். கதவோரம் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும், சத்தம் அதிகமானால் வெளியே போய்விட்டு வருவேன். என் கையைப் பிடிக்க வேண்டாம். கண்ணாடி வளையல் வேண்டாம், அந்தச் சத்தம் எனக்குப் பல்லில் குத்துவது போல் இருக்கும்.

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.

அறிவுமதி

*

ஸ்ரீரங்கம்
25.8.2025

அறிவு,

இந்தக் காகிதத்தில் கிண்டல் எதுவும் கிடையாது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்ட கதவோர நாற்காலியை நான் போடவில்லை. மறந்துபோய் அல்ல. வெட்கப்படுகிறாள், நடுவில் உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். "எங்க கலெக்டரம்மா கையை யாருக்கும் காட்ட மாட்டாங்களாம், பாத்துக்குங்க" என்றேன். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உன் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டேன்.

பார்த்தேன்.

எத்தனையோ கையைப் பிடித்தவள் நான். அடுப்பில் சுட்டுக்கொண்ட கை, கதவிடுக்கில் மாட்டிய கை எல்லாம் பார்த்திருக்கிறேன். உன் கையில் இருந்தது அப்படித் தவறிப் பட்டதில்லை. எனக்கு உள்ளுக்குள் எல்லாம் நின்றுபோயிற்று. வாய் மட்டும் நிற்கவில்லை. மடியில் கிடந்த பச்சை, சிவப்பு எல்லாவற்றையும் அள்ளி உன் முழங்கை வரைக்கும் ஏற்றினேன். "அடுத்த வளைகாப்பு இவளுக்குத்தான்" என்று கூவினேன். கல்யாணம் ஆகாத பிள்ளையைப் பார்த்து என்ன பேச்சு அது? யாரும் பார்த்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது.

நீ எழுந்து போனாய். சாப்பிடக்கூட இல்லை. ஐந்து வகை சாதமும் அப்படியே இருந்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. நான் உன் கையில் போட்டு அனுப்பியது கண்ணாடி. கழுவின குண்டான் கைநழுவி விழுந்து, வேணி பயந்து ஓடி வந்தாள்.

பாலுவிடம் உடனே எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிடு. ஒன்றுகூட வைத்துக்கொள்ளாதே. எவனாவது உன்னை ஏமாற்றிவிட்டானா? பரீட்சையில் போய்விட்டதா? எதுவானாலும் சொல். நான் சிரிக்க மாட்டேன்.

வள்ளிக்கண்ணு

*

துவாக்குடி
26.8.2025

வள்ளி அத்தைக்கு,

வளையல்கள் இந்தப் பையில் இருக்கின்றன.

யாரும் ஏமாற்றவில்லை. பரீட்சையில் நல்ல மார்க். எல்லாரும் இந்த இரண்டைத்தான் கேட்கிறார்கள்.

பிளஸ் ஒன் படிக்கும்போது தொடங்கியது. சத்தம், வெளிச்சம், ஆட்கள், முடிக்காத வேலை எல்லாம் ஒன்றாகச் சேரும்போது தலைக்குள் இடமே இருக்காது. என்னை நானே காயப்படுத்தினால் கொஞ்ச நேரம் அமைதியாகும். பிறகு முன்னைவிட மோசமாகும். அது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

ஜூன் மாதம் மெஹ்ரீன் என்னைக் கல்லூரி கவுன்சலரிடம் கூட்டிப்போனாள். அவர் தில்லைநகரில் ஒரு மனநல டாக்டரிடம் அனுப்பினார். எனக்கு ஆட்டிசமும் ஏ.டி.ஹெச்.டி.யும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பிறந்ததிலிருந்தே மூளை வேலை செய்யும் விதம் அது, வியாதி இல்லை, யாருடைய வளர்ப்பும் காரணம் இல்லை என்றார். செருப்பை மறப்பதும் கிண்டல் புரியாததும் அதில் சேர்ந்ததுதான். கையில் செய்துகொள்வது அதில் சேர்ந்தது இல்லை. எல்லாரையும் போல இருப்பதாக நடித்து நடித்துக் களைத்துப்போனதில் வந்தது, அதை மாற்ற முடியும் என்றார்.

நீங்கள் கிண்டல் செய்தால் எல்லாரும் சிரிப்பார்கள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று நான் மற்றவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

நீங்கள் மறைத்தது எனக்கு உதவியா இல்லையா என்று தெரியவில்லை. பஸ் முழுக்க அந்தச் சத்தம் கூடவே வந்தது.

வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்தி லால்குடிக்குக் கூட்டிப்போய்விடுவார். அவரிடம் சொல்லாமல் இருப்பீர்களா? ஆம் அல்லது இல்லை என்று ஒரே வார்த்தையில் எழுதுங்கள்.

அறிவுமதி

*

ஸ்ரீரங்கம்
28.8.2025

அறிவுக்கண்ணு,

இல்லை.

நீ கேட்ட ஒரு வார்த்தையை எழுதிவிட்டேன். இனி நான் எழுத வேண்டியது.

உன் லெட்டரை வேணியை விட்டு மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் மன்னித்துக்கொள், சில எழுத்து எனக்குக் கூட்ட வரவில்லை. பாதியில் அவளும் நிறுத்திவிட்டாள். அந்த டாக்டர் சொன்ன பெயரெல்லாம் எனக்கு நாக்கில் நிற்கவில்லை. சிரிக்கிற இடம் தேடி நீ எங்கள் முகத்தைப் பார்த்தாய் என்பது மட்டும் நிற்கிறது. ரசித்துப் பார்க்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் நாலு சேர்த்துச் சொன்னேனே.

இந்த ரகசியத்தை என்னால் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு தடவை வளையலால் மூடினேன், அது போதும். ஆனால் உனக்குத் தெரியாமல் அண்ணனிடம் போக மாட்டேன். எந்த நாள், எந்த இடம் என்று நீயே சொல். டாக்டர் முன்னால் வைத்தே சொல்லலாம். படிப்பை நிறுத்துகிறேன் என்று அவர் வாயைத் திறந்தால், நான் அவர் தங்கச்சி, எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியும். ஞாயிறு வரை பார்ப்பேன். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நான் லால்குடியில் இறங்குவேன். இது நிஜம்.

இன்னொன்று நேராகக் கேட்கிறேன். சாகணும் என்கிற நினைப்பு வருகிறதா? வந்தால் லெட்டருக்குக் காத்திருக்காதே. மெஹ்ரீனை எழுப்பு. எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம். கடையைப் போட்டது போட்டபடி வந்து பக்கத்தில் உட்காருவேன், வாயைத் திறக்க மாட்டேன்.

அப்புறம், நீ அனுப்பிய பையில் பச்சையில் ஒரு ஜோடி சேரவில்லை. ஒற்றை வளையல் குறைகிறது. கடைத்தரையில் கொட்டி மறுபடி மறுபடி சேர்த்துப் பார்த்தேன். அது எங்கே, அறிவு?

அத்தை

*

துவாக்குடி
30.8.2025

வள்ளி அத்தைக்கு,

'இல்லை' என்று பார்த்ததும் லெட்டரை மடித்து வைத்துவிட்டேன். உங்கள் மேல் கோபம். மிச்சத்தை இன்றுதான் படித்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வந்திருக்கிறது. ஜூன் மாதம். அதனால்தான் மெஹ்ரீன் கூட்டிப்போனாள். டாக்டருக்குத் தெரியும். இப்போது இல்லை. வந்தால் சொல்கிறேன்.

அந்த வளையல் பஸ்ஸில் உடைந்துவிட்டது. என்னிடம் இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்பாவைக் கூட்டிவாருங்கள். அவரிடம் நான் பேசுகிறேன். எழுதி வைத்து வாசிப்பேன். நடுவில் யாரும் பேச வேண்டாம்.

அறிவுமதி

*

ஸ்ரீரங்கம்
3.9.2025

அறிவு,

அன்றைக்கு டாக்டர் அறையில் நான் வாயைத் திறக்கவில்லை, பார்த்தாயா? என் ஆயுளில் அத்தனை நேரம் சும்மா இருந்ததில்லை.

நீ வாசித்து முடித்ததும் உன் அப்பா, "நல்லா படிக்கிற புள்ளைங்க டாக்டர், எப்படிங்க?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாரே, அவருக்கு அது கேள்வி இல்லை, நெஞ்சில் விழுந்த அடி. நீ கல்லூரி பஸ்ஸில் ஏறிப் போன பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. லால்குடி பஸ் வந்து வந்து போயிற்று. கடைசியில், "வள்ளி, புள்ள வீட்ல முழுக்கைச் சட்டை போட்டிருந்தப்ப வெயில்ல கருக்காம இருக்கத்தான்னு நெனச்சேன். நல்ல சட்டையா பாத்து நானே ரெண்டு வாங்கிக் குடுத்தேன்" என்றார். அண்ணனை நான் அப்படிப் பார்த்ததில்லை. படிப்பை நிறுத்துகிற பேச்சை எடுக்கவில்லை. அடுத்த தடவைக்கும் வருகிறேன் என்றார்.

இப்போது அந்தப் பச்சை வளையல். நீ சொன்னதை நம்பினேன். இருந்தாலும் மனசு அடங்கவில்லை, நேற்று மாடிப்படியில் பாலுவை நிறுத்திக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"ஆமாங்க அக்கா, வளைகாப்பு அன்னிக்கு என் வண்டியிலதான் ஏறுச்சு. அரியமங்கலம் தாண்டறப்ப ஒரு வளையல் ஒடஞ்சிருச்சு. ஒரு துண்டு விடாம பொறுக்கி என் கையில குடுத்து, 'அண்ணே, இது எங்கிட்ட இருக்கக் கூடாது, நீங்க வாங்கிக்கங்க'ன்னுச்சு. நான், 'வளையல் ஒடஞ்சதுக்கா இப்படி அழுவாங்க, அத்தைகிட்ட வேற வாங்கிக்கலாம்மா'ன்னு சிரிச்சுட்டு ஜன்னல் வழியா எறிஞ்சேன். ஏங்க, என்ன விஷயம்?"



அன்றைக்கு என் வீட்டில் அத்தனை உறவும் கூடியிருந்தது. எங்களில் ஒருத்தரிடம்கூட உனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவரிடம் சொல்லியிருக்கிறாய். அவரும் சிரித்துவிட்டார். சிரிக்க நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம்.

என்னிடம் இல்லை என்று மட்டும் எழுதினாயே. நீயே கொடுத்துவிட்டாய் என்பதை ஏன் எழுதவில்லை? உன்னை நீயே காப்பாற்றியிருக்கிறாய், பிள்ளை. அது எனக்குத் தெரிய வேண்டாமா?

வரும் ஞாயிறு வேணி உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். கூட்டம் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். கட்டாயம் இல்லை, வராவிட்டாலும் உறவு உண்டு. கதவோரம் நாற்காலி போட்டாயிற்று. உன் ஒற்றைச் செருப்பும் அதன் கீழேதான் இருக்கிறது.

அத்தை

*

துவாக்குடி
5.9.2025

வள்ளி அத்தைக்கு,

ஏன் எழுதவில்லை என்றால், நீங்கள் வளையல் எங்கே என்றுதான் கேட்டிருந்தீர்கள்.

ஞாயிறு வருகிறேன். பாலு அண்ணனைக் கோபிக்க வேண்டாம், அவர் வாங்கிக்கொண்டார்.

அரைக்கைச் சட்டை போட்டு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடிவு செய்யவில்லை. அப்படி வந்தால் பார்க்காதது போல நீங்கள் நடிக்க வேண்டாம். வேறு எதையாவது சொல்லி மூடவும் வேண்டாம்.

பார்த்துவிட்டு, சாப்பிடு என்று சொன்னால் போதும்.

அறிவுமதி