மணிக்கட்டு: பரவாயில்லை

பிப்ரவரி 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது உன் அருமை மகள் வாலு என் தோள்மேல் தொங்கிக்கொண்டே நிற்பதால் பாதி விஷயம் பேச முடிவதில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு இன்னும் முப்பத்து நான்கு நாள். முதல் ஆறு பேருக்குள் வந்தால் பெரிய பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைக்குமாம். காலை ஐந்தே முக்காலுக்கு எழுப்பி, ஆறரை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போகிறேன். பள்ளி விட்டதும் மறுபடி மூன்று மணி நேரம். நான் பெற்றோர் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கு வரும் அம்மாக்களுக்கு நான் ஒரு வேடிக்கை. "தாத்தா, இன்னைக்கு எத்தனை தடவை விழுந்தா? நோட்டைப் பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். சொல்வேன்.

முப்பத்தொரு வருடம் வானிலை நிலையத்தில் கருவிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தவன். மழை வருமா வராதா என்று சொல்வது மேலே இருப்பவர்களின் வேலை. அந்தப் பழக்கத்தில் இவளுக்கும் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். தூக்கம், சாப்பாடு, பீமிலிருந்து விழுந்தது (பீம் என்பது ஒரு சாண்கூட அகலமில்லாத கட்டை, அதன்மேல் குட்டிக்கரணம் போடுகிறாள், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்), கடைசிக் கட்டத்தில் மணிக்கட்டு. மூன்று வாரத்துக்கு முன்பு கையை ஊன்றியபோது பிசகி லேசாக வீங்கியது. தினமும் கேட்கிறேன். தினமும் ஒரே பதில். ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். நோட்டுப் பக்கங்களை நகலெடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன், நீயே பார்.

அப்பா


பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். மணிக்கட்டுக் கட்டத்தில் இருபத்தொரு நாளும் 'பரவாயில்லை', 'பரவாயில்லை' என்று உங்கள் மணிமணியான எழுத்தில் இருந்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

அப்பா, வலிக்காத பிள்ளை 'வலிக்கல' என்று சொல்லும். 'பரவாயில்லை' என்று சொல்வது வலிக்கிற பிள்ளை. இந்த முதியோர் இல்லத்தில் பதினொரு பேரைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் யார் வாயிலிருந்து அந்த வார்த்தை வருகிறதோ, அவருடைய போர்வையைத்தான் முதலில் விலக்கிப் பார்ப்பேன்.

நானும் ஒருமுறை உங்களிடம் அதைச் சொன்னேன். கல்யாணப் பேச்சு வந்த சாயங்காலம், "பையன் எப்படிம்மா?" என்று கேட்டீர்கள். "பரவாயில்லப்பா" என்றேன். அதை எந்த நோட்டில் குறித்தீர்களோ தெரியாது, தேதி குறித்துவிட்டீர்கள்.

குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

அவளை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இன்னொன்று, அவளிடம் சொல்லாதீர்கள்: போட்டிக்கு வர நாலு நாள் லீவு கேட்டு வாங்கியிருக்கிறேன். இரண்டு வருடமாக அவள் ஆடுவதைப் போன் திரையில் கட்டைவிரல் அளவுக்குத்தான் பார்க்கிறேன்.

உங்கள் பாப்பா


பிப்ரவரி 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அந்தக் கல்யாணப் பேச்சு நினைவிருக்கிறது. நீ அன்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று டாக்டரிடம் போனோம். "ஒண்ணுமில்ல தாத்தா, சும்மா டைம் வேஸ்ட்" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். டாக்டர் மணிக்கட்டில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அவள் முகம் மாறவில்லை. செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கியதைப் பார்த்தேன். இத்தனை நாள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குறித்திருக்கிறேன்.

எலும்பு வளர்கிற இடத்தில் அடியாம். "ஆறு வாரம் இந்தக் கைமேல உடம்பு கனம் இறங்கக் கூடாது. இறங்கினா கை கோணலா வளரலாம், ஒண்ணும் ஆகாமலும் போகலாம். உறுதியா சொல்ல முடியாது சார்" என்றார்.

கோச்சம்மாவிடம் போய்ச் சொன்னேன். "இன்னும் இருபது நாள்தான் சார். டேப் சுத்திக்கிட்டு ஆடின பிள்ளைங்க எத்தனையோ பேர். நான் ஆடுன்னும் சொல்லல, ஆடாதேன்னும் சொல்லல. கார்டியன் நீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவைச் சொல்லிடுங்க" என்றார். பஸ்ஸில் வாலு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும் தாத்தா."

நீ என்ன சொல்கிறாய்? உடனே எழுது.

இது உன் கையில் கிடைப்பதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. இருந்தாலும் எழுதியாகிவிட்டது, தபாலில் சேர்க்கிறேன்.

அப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

போட்டியிலிருந்து வாலுவின் பெயரை எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை உன் இல்லத்து அலுவலக எண்ணுக்குப் போன் செய்தேன். "யாரு பேசறது?" என்று ஓர் அம்மாள் கேட்டதும் வைத்துவிட்டேன். பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வைத்த பிறகு வேறொன்றும் தோன்றியது. நீ 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அவள் வெறுப்பது உன்னையாக இருக்கும். தொலைவில் இருக்கும் அம்மாவை வெறுக்க ஆரம்பித்தால் அது லேசில் முடியாது. என்னை வெறுக்கட்டும். எனக்கு வயதாகிவிட்டது, அவள் அதிக நாள் சிரமப்பட வேண்டியிருக்காது.

வெள்ளிக்கிழமை அவள் பள்ளியில் இருக்கும்போது தனியாகப் போய் விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து கோணிப்போனதால் இன்னொரு படிவம் கேட்க வேண்டியிருந்தது. கோச்சம்மா எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். கொதித்துவிட்டாள். "உங்களுக்கு என்ன தெரியும்? மழை பெஞ்சு முடிஞ்சப்புறம் மழைன்னு எழுதின ஆள்தானே நீங்க!" என்றாள். அது சரிதான். மழையளவை மறுநாள் காலையில்தான் எடுப்போம். இதையும் அவளிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. கதவு அறைந்த வேகத்தில் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது.

இன்று காலை தோசையை வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. கை தாங்கியும் இருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று எனக்குப் பழக்கமில்லை.

நீ லீவை வீணாக்காதே. நல்ல நாளாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

அப்பா


மார்ச் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிறு போனில் நீங்கள் விஷயத்தைச் சொன்னபோது "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபம். டாக்டரிடம் காட்டச் சொன்னவளே நான்தான், ஆனாலும் கோபம். இரண்டு வருடமாக அந்த ஒரு நாளை எண்ணிக்கொண்டுதான் இங்கே படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றுதான் முதலில் வந்தது.

பிறகு வாலுவிடமிருந்து மூன்று பக்கக் கடிதம். முழுக்க உங்கள்மேல் புகார். "தாத்தா என்னைக் கேக்கவே இல்லம்மா" என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறாள் (எண்ணினேன், உங்கள் மகள்தானே). மூன்றாம் பக்கத்தின் கடைசியில், "கையைத் தலகாணிமேல தூக்கி வெச்சுக்கறேன், அப்பதான் வலி குறையுது" என்று போகிறபோக்கில் ஒரு வரி. வலி என்ற வார்த்தையை அவள் எழுதி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

என் கல்யாணத்தையும் அன்றைக்கு இப்படி என்னைக் கேட்காமலேயே நீங்கள் நிறுத்தியிருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்படியென்றால் இந்த வாலு ஏது என்று விட்டுவிட்டேன்.

அவள் சீக்கிரம் பேசிவிடுவாள் என்று உங்களைத் தேற்ற மாட்டேன். எனக்கே பல வருடம் ஆயிற்று.

லீவை ரத்து செய்யவில்லை. ஏழாம் தேதி காலை வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதீர்கள். மறுநாள் போட்டியைப் பார்க்கப் போகலாம் என்று அவள் சொன்னால் மூன்று பேரும் போய் உட்காரலாம், வேண்டாமென்றால் வேண்டாம். எனக்காக எதுவும் சமைக்க வேண்டாம், தெரிந்தவர்களிடம் நான் வருவதைச் சொல்ல வேண்டாம். முன்னறையில் ஒரு படுக்கை போட்டு வையுங்கள், போதும்.

ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேன் அப்பா. நாலு நாளில் பாதி நாளாவது தூங்க வேண்டும். இடையிடையே நீங்கள் வந்து கதவருகில் நின்று பார்ப்பீர்கள் என்று தெரியும். பார்த்துக்கொள்ளுங்கள், எழுப்ப வேண்டாம்.

உங்கள் பாப்பா