மண்ணோடு வந்த இஞ்சி

ஜூன் 4

மருமகளுக்கு,

நான் நலம். நீயும் குட்டியும் நலமென்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நம்பரை மாற்றிக்கொண்டு போனவள் நீ. என் மகனோ கப்பலில். கரை வந்தால்தான் அவன் குரல்.

குட்டிக்கு இருமல் என்று கப்பல் ஏறுமுன் சொன்னான். இத்துடன் தோட்டத்து இஞ்சி அனுப்புகிறேன். தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடு. "உங்க குழம்புல இஞ்சியைத் தேடித்தான் பிடிக்கணும்"னு விருந்தாளிகள் முன்னால் சிரித்தாயே, நீலப் புடவை கட்டிக்கொண்டு. மறக்கவில்லை. இதை மோந்து பார்.

மண்ணைக் கழுவவில்லை. போன தடவை "கழுவி அனுப்பிப் பூசணம் பூத்துப்போச்சு" என்றாய். அதையும் மறக்கவில்லை.

உன் மாமியார்

ஜூன் 8

மருமகளே,

அந்த இஞ்சியைத் தொடாதே. குட்டிக்குக் கொடுத்திருந்தால் மேலே படிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. கண்வலிக் கிழங்கு விஷம் என்று சொல்.

இஞ்சி தோண்டிய அன்றே வேலியோரக் கண்வலிக் கொடியின் கிழங்கையும் தோண்டினேன், இடம் மாற்றி நட. இரண்டும் மண் அப்பி ஒரே சாக்கில் கிடந்தன. இன்று நடப் போனேன். கையிலிருந்தது ஒடிந்தது. இஞ்சி மணம். நட வைத்திருந்தது இஞ்சி என்றால், உனக்கு வந்தது எது?

சின்னத் துண்டு போதும், ஆளை முடித்துவிடும். கசக்கும்தான், நீ சர்க்கரையை அள்ளிப் போடுவாய். முழங்கால் ஒழுங்காக இருந்தால் இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன். பார்சலை நிறுத்த முடியுமா என்றால் தபால்காரர் "என் கையில என்ன பாட்டி இருக்கு?" என்கிறார். அடுப்பில் தண்ணீர் கொதித்தாலே குட்டியின் டம்ளர்தான் கண்ணில் நிற்கிறது.

மாமியார்

ஜூன் 10

மருமகளே,

பதில் வர நாளாகும் என்று தெரியும். இருந்தும் எழுதுகிறேன். உன்மேல் இருந்த கோபமெல்லாம் வரிசையாக நினைவில் இருந்தது. இன்று தேடினால் ஒன்றையும் காணோம்.

முழங்கால் போனால் போகிறது. சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். நீ கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நிற்பேன். குட்டி இருமும் சத்தம் கேட்டால் போதும், திரும்பிவிடுவேன்.

ஜூன் 11

அத்தைக்கு,

குட்டி நன்றாக இருக்கிறாள். இதை இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே படியுங்கள்.

பார்சலுக்குப் பிறகு நீங்கள் எழுதிய இரண்டு கடிதமும் இன்று ஒன்றாக வந்தன. பார்சல் வந்த அன்று அவளுக்கு ஒரே இருமல். அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் அதைப் பிரித்தேன். நீலப் புடவை வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொட்டலத்தோடு பால்கனி மூலையில் எறிந்தேன். "பாட்டி குடுத்ததை ஏம்மா எறியுற?" என்று அழுதாள். அதட்டி உட்காரவைத்தேன்.

இன்று எடுத்துக் கழுவி ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தேன். எல்லாம் இஞ்சி, இரண்டைத் தவிர. அந்த இரண்டிலும் மணமே இல்லை. இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அன்றைக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால்? அவள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வாசலில் வந்து நிற்க வேண்டாம். என் நம்பர் பின்பக்கம் இருக்கிறது. கூப்பிடுங்கள், அவளே இருமிக் காட்டுவாள்.

முதலில் கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் இஞ்சி அனுப்புங்கள். கழுவியே அனுப்புங்கள், அத்தை. பூசணம் பூத்தால் பூக்கட்டும்.

உங்கள் மருமகள்