கரி அறைக் கதவு

ஆஷ்கில் கிராமம், டர்ஹாம்
நவம்பர் 1986

அன்பு மகள் நோரீனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் காலினும் பெர்த் நகரத்து வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா மூச்சை இழுத்து விடும் மட்டும் நலம், நான் அந்த மூச்சுச் சத்தம் காதில் விழும் தூரத்துக்குள் நலம்.

முதலில் ஒரு செய்தி. பக்கத்து வீட்டு ஹில்டா சித்தியை அவள் மகன் வந்து நியூகாசிலுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். போன மறுநாளே கவுன்சில் ஆட்கள் வந்து அந்த வீட்டு ஜன்னல்களில் பலகை அடித்துவிட்டார்கள். நம் வரிசையில் இப்போது நாமும் கோடி வீட்டு டூகி டெய்ட்டும்தான் மிச்சம். உனக்கு நினைவிருக்கும், நம் கணப்பின் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டில் கிளறு கம்பியால் தட்டினால் போதும், அந்தப் பக்கம் ஹில்டாவின் காதில் விழும், கையில் ஒட்டிய மாவோடு ஓடி வருவாள். நீ பிறந்த அன்றும் அப்படித்தான் வந்தாள். நான் கடைக்கோ தபாலாபீசுக்கோ போகும்போது அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியை வைத்துவிட்டுப் போவேன், ஏதாவது என்றால் அவர் தட்டுவார் என்ற தைரியம். இப்போது தட்டினால் காலி வீடுதான் கேட்கும். அதனால் நான் எங்குமே போவதில்லை. தெருமுனையில் ரொட்டி வண்டி மணி அடித்தால் ஓடிப் போய் வாங்கிக்கொண்டு ஓடி வருகிறேன். கோவிலுக்குப் போய் எத்தனையோ வாரம் ஆகிறது. நான் டீச்சராக இருந்த நாளில் வகுப்பில் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் காட்டுவேனே, உள்ளே இருக்கும் காற்று வெளியே போகவும் முடியாது, தண்ணீர் உள்ளே வரவும் முடியாது. அந்தத் தம்ளருக்குள் இப்போது நானும் உன் அப்பாவும் ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்.

ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளர்களுக்கான வீடுகளில் ஒன்று டவுனில் காலியாகியிருக்கிறது, மாடிப்படி கிடையாது, வெந்நீர்க் குழாய் ஓடிச் சுவரே சூடாக இருக்கும், அவசரத்துக்கு மணிக் கயிற்றை இழுத்தால் காவலாள் வருவார் என்று வீடு ஒதுக்கும் அலுவலகத்துத் திருமதி ப்ரிங்கிள் போன மாதம் வந்து சொன்னாள். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது, இல்லையென்றால் வேறு யாருக்காவது போய்விடுமாம். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வீட்டுக்குப் போனால், சுரங்கத்தில் உழைத்ததற்காக நமக்கு வரும் இலவசக் கரி நின்றுவிடும் அல்லவா, அதுதான் அவருக்கு. "இந்தக் கரிக்காக என் நெஞ்சையே வித்திருக்கேன்டி. கரி இல்லாத வீட்ல உக்காந்து வெந்நீர்க் குழாயப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்றார். அந்தக் கரியை அள்ளிப் போடுவது யார், சாம்பலை வாருவது யார் என்று நான் கேட்கவில்லை. பேசினால் அவருக்கு இருமல் வரும். வாக்குவாதத்திலும் எனக்கு வழி அடைபட்டிருக்கிறது, பார்.

செவ்வாய்க்கிழமை கரி வண்டி வரும் நாள். புதுக் கரி வருமுன் பழைய தூளை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடலாம் என்று கொல்லையில் இருக்கும் கரி அறைக்குள் போனேன். காற்று கதவை அடித்துச் சாத்திவிட்டது. அதனால் என்ன என்று இருந்துவிட்டேன். அந்தக் கதவு உள்பக்கம் திறக்கும். முன்பொரு குளிர்காலத்தில் பனி குவிந்து கதவைத் திறக்க முடியாமல் போனதால் அப்பா அதைக் கழற்றி உள்பக்கம் திறக்கும்படி மாட்டினார், நீதான் ஆணி எடுத்துக் கொடுத்தாய். பின் சந்திலிருந்து கரி கொட்டுகிறவர்கள் சுவரிலுள்ள சின்னக் கதவை மண்வாரியால் தட்டி, உள்ளே ஆள் உண்டா என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் கொட்டுவார்கள். இந்த ஊரில் அதை ஒருவரும் மறந்ததில்லை. ஆனால் இந்த ஓட்டுநர் வெளியூர்க்காரன், புதியவன். வண்டியின் எஞ்சினைக்கூட நிறுத்தாமல் சின்னக் கதவைத் திறந்து மூட்டை மூட்டையாகக் கவிழ்த்தான். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றேன். கரி சரிந்து வந்து கதவை அடைத்தது, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டது, சின்னக் கதவின் வெளிச்சத்தையும் மூடியது. வண்டி போய்விட்டது.

இருட்டில் தூசி அடங்கும் வரை வாயை என் சமையல் மேலங்கியால் பொத்திக்கொண்டு நின்றேன். கதவை இழுக்க முடியவில்லை, கரியை ஒதுக்க இடமும் இல்லை. பிறகு கை சுவரைத் தடவியபோது கொல்லைக் குழாய்க்குப் போகும் இரும்புக் குழாய் தட்டுப்பட்டது. அது அப்பாவின் கட்டில் கிடக்கும் சமையலறையிலிருந்துதானே வருகிறது. மண்வாரிப் பிடியால் தட்டினேன். சற்று நேரத்தில் உள்ளிருந்து பதில் தட்டு வந்தது. கட்டிலில் இருந்தபடியே அப்பா கம்பியால் தட்டுகிறார்! நான் தட்ட, அவர் தட்ட, அது பேச்சுப் போலவே இருந்தது. அவரால் கொல்லை வரைக்கும் நடக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்தச் சத்தம் இருக்கும் வரை பயம் இல்லை. அப்புறம் அது நின்றுவிட்டது. நான் தட்டினேன், பதில் இல்லை. மறுபடி தட்டினேன்.

நோரீன், உனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா கூரை சரிந்து உள்ளே அகப்பட்டாரே, நாம் சுரங்க வாசலில் மழையில் நின்றோமே. உள்ளிருந்து பாறையில் தட்டும் சத்தம் கேட்கிறது என்று ஆள் வந்து சொல்வார்கள், பிறகு சத்தம் நின்றுவிட்டது என்றார்கள். நான் அலறியபோது கிழவர் ஜாப் ஹெட்லி உன் தலையில் கை வைத்துக்கொண்டு, "தட்டு நின்னா ரெண்டுதாம்மா அர்த்தம். ஒண்ணு ஆளு போயிட்டான், இல்ல தோண்ட ஆரம்பிச்சிட்டான்" என்றார். கரி அறைக்குள் அந்த வார்த்தைதான் என் காதில் சுற்றிச் சுற்றி வந்தது. உன் அப்பாவால் தோண்ட முடியாது. அப்படியானால் மிச்சம் ஒன்றுதானே. எனக்கு என் நிலை மறந்துபோயிற்று. அவர் தரையில் விழுந்து கிடக்கிறார், நான் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன் என்றே நினைத்து அழுதேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. பின் சந்தில் நாய் குரைத்தது, சின்னக் கதவுப் பக்கம் கரி வெளியே சரிந்தது, ஒரு துண்டு வெளிச்சத்தில் டூகியின் மூக்கு தெரிந்தது. "மிஸ், நீங்களா? இந்த வயசுல கரி வெட்ட எறங்கிட்டீங்களே, மொதல்ல யூனியன்ல சேந்தீங்களா?" என்றான். வாயை நிறுத்திவிட்டுக் கையை ஓட்டு டக்ளஸ் என்று அவன் முழுப் பெயரைச் சொல்லி அதட்டினேன். "ரெண்டாம் வகுப்புல சொன்ன அதே வார்த்தை" என்று சிரித்துக்கொண்டே வாரினான். ஆல்பி எங்கே என்று உன் அப்பாவைப் பற்றிக் கேட்டதும் அவன் சிரிப்பு நின்றது. "வாசப்படியில உக்காந்திருக்காரு மிஸ். சாம்பல் வாளி மூடியைக் கம்பியால அடிச்சு அடிச்சுத் தெருவையே கூப்பிட்டாரு. வாயால சொல்ல மூச்சு இல்ல, கொல்லைப் பக்கம் கையத்தான் காட்டுனாரு."

கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் அவர் உட்கார்ந்தபடியே நகர்ந்து போயிருக்கிறார். உதடு நீலம் பாரித்து, கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மூக்குக்குழாயை மாட்டிவிட்டேன். என் கரி முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூச்சு வந்ததும், "வெளியில காத்துக் கெடக்கறது இவ்வளவு கொடுமைன்னு ஒருத்தரும் சொல்லலியே வின்னி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை திருமதி ப்ரிங்கிள் வந்தாள். அப்பா அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "அந்த வீட்டுக் கதவு உள்ள தொறக்குமா, வெளிய தொறக்குமா?" அவள் விழித்துவிட்டு, வெளியேதான், சக்கர நாற்காலி போக வேண்டுமே என்றாள். அப்பா கம்பியை எடுத்தார். ஹில்டா இல்லாத அந்தச் சுவர்த் தகட்டில் மூன்று முறை தட்டினார். சுரங்கத்தில் மூன்று தட்டு என்றால் ஆட்கள் கூண்டில் ஏறியாயிற்று, மேலே இழு என்று பொருள். பள்ளிக்கூட நாட்களில் மாடிப்படியடியில் அப்படித் தட்டித்தானே உன்னை எழுப்புவார். ப்ரிங்கிளுக்குப் புரியவில்லை. வருகிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

சந்தோஷம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. ஜனவரிக்கு முன் சாவி கிடைக்காதாம். அது வரைக்கும் இதே அறைதான், இதே பலகை அடித்த தெருதான். அங்கேயும் நாலு சுவர்தான் இருக்கும். ஆனால் கயிற்றை இழுத்தால் யாரோ வருவார்கள், நான் நிதானமாக நடந்து போய் ரொட்டி வாங்கலாம். டூகி காலையும் மாலையும் நாயோடு எட்டிப் பார்க்கிறான். நீ பதறிக்கொண்டு டிக்கெட் எடுக்காதே, கோடையில் காலினை அழைத்துக்கொண்டு புது வீட்டுக்கு வா. அவனுக்கு நெஞ்சுச் சளி, ஈரத் துணியோடு உறங்கவிடாதே. கடவுள் உங்கள் மூவரையும் காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்திலேயே வைத்திருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய். உன் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் திறக்கின்றன என்று இன்றைக்கே போய்ப் பார்த்து எனக்கு எழுது. அப்பா கேட்கிறார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா வின்னி