ஓடையோரம் எரிக்காமல் விட்ட புல்

என் பிடிவாதக்காரனுக்கு,

புதுப் புல் முளைக்கட்டும் என்று நேற்று நம் மேய்ச்சல் நிலத்தை எரித்தோம். பதறாதே, வீடும் மாடுகளும் பத்திரம். இத்தனை வருடம் ஊரார் நிலத்தை எரிக்கும்போதெல்லாம் நீ போய் நின்றாயே, அவர்கள் எல்லோரும் தண்ணீர் வண்டிகளோடு வந்துவிட்டார்கள். வேலித் தகராறுக்குப் பிறகு உன்னோடு பேசாத பக்கத்து நிலத்து வெர்லினும் வந்தார்!

முதல் தீயை நிலத்துக்காரர்தான் வைக்க வேண்டும் அல்லவா? தீப்பந்தத்தை வாங்கிக்கொண்டு வெர்லினைப் பார்த்தேன். "காத்து சரியா இருக்கு, தைரியமா வைம்மா" என்றார் வெர்லின். புல்லை விழுங்கிக்கொண்டிருந்த செடார் ஊசியிலை மரங்கள் பட்டாசு போல வெடித்தன.

எல்லாம் அணைந்தபின் பார்த்தால், ஓடையோரம் ஒரு துண்டு அப்படியே நின்றது.

"இதை மறந்துட்டீங்களே?" என்றேன் வெர்லினிடம்.

"மறக்கல. அவன் வந்து கொளுத்தட்டும். வலது கை வரலேன்னா இடது கையால கொளுத்தட்டும். நான் தண்ணியோட பக்கத்துல நிக்கிறேன். ஆனா வேலி விஷயத்துல நான் சொன்னதுதான் சரி, அதையும் சொல்லிடு!"

ஆஸ்பத்திரியில் இடது கையால் கரண்டி பிடிக்க மாட்டேன் என்று முரண்டு செய்கிறாயாமே, நர்ஸ் சொன்னாள். பந்தம் கரண்டியைவிடக் கனம். பிடித்துப் பழகு.

தலைமுடியில் இன்னும் புகைவாடையோடு,
உன் மனைவி