இரண்டாம் கட்டம் என்று சொன்னது நீயாம்

கணபதி, கோவை
24-11-1996

அன்பு மகன் கிருபாசங்கருக்கு அம்மா எழுதுவது,

நீயும் புவனாவும் குழந்தை அக்ஷயாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டேன். இங்கே அப்பாவும் நானும் நன்றாகத்தான் இருக்கிறோம், ஆனால் இதைக் கோபத்தோடு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதி படித்துவிட்டு அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று புவனாவிடம் கேட்டுக்கொண்டிருக்காதே. டெலிபோனில் இதைப் பேச முடியாது, நீ அங்கிருந்து சரிம்மா சரிம்மா என்பாய், லைன் கட்டாகிவிடும்.

அப்பாவுக்கு முதுகு இன்னும் சரியாகவில்லை, பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களை அதட்டுவதோடு சரி, வார்ப்பு, அசெம்பிளி, கடைக்காரர்கள் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஐப்பசியில் நல்ல மழை, கிணறுகளில் தண்ணீர் ஏறிவிட்டது, அதனால் பம்ப் வியாபாரம் மந்தம். அக்ஷயாவுக்குச் சளி விடவே இல்லை என்று புவனா எழுதியிருந்தாள், தலை ஈரம் காயாமல் அந்தப் பனியில் குழந்தையை வெளியே தூக்கிப் போகாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிணத்துக்கடவு பக்கம் உன் மாமன் திருமலைசாமி நடத்துகிறானே, பம்ப் ஆராய்ச்சிப் பூங்கா, அது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. என் தம்பியாயிற்றே என்று இத்தனை நாள் நான் எதுவும் எழுதவில்லை. ஆரம்பத்தில் ஒருநாள் நம் பட்டறைக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே சொன்னான், அரசாங்கம் நிலம் தருகிறது, என் கம்பெனி கட்டிடம் கட்டிக்கொள்ளும், சின்ன பம்ப் பட்டறைக்காரர்களின் சங்கமும் சேர்ந்தால்தான் நிலம் கைக்கு வரும், ஒரு கம்பெனிக்கு மட்டும் என்றால் தர மாட்டார்கள் என்று. சேர்ந்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். பம்ப் சோதிக்கிற தொட்டி எல்லோருக்கும் பொதுதானுங்க அக்கா, இனி ஐ.எஸ்.ஐ. முத்திரைக்காக நீங்க யார் வாசல்லயும் நிக்க வேண்டாமுங்க என்றான். உனக்கே தெரியும், அந்த முத்திரை இல்லாத மோட்டாருக்கு விவசாயிக்கு பேங்கில் கடன் கிடையாது, ஊருக்குள் சோதனைக்கு முறை வருவதற்குள் கோடையே முடிந்துவிடுகிறது. அதனால் நான் நம்பினேன். அங்கப்பன் பட்டறை, அடுத்த தெரு வேலன் பட்டறை என்று படியேறிப் பேசி எல்லோரையும் சேர்த்துவிட்டதே நான்தான். அந்தத் தொட்டிக்குப் போன பைப்பும் வால்வும் எங்கள் பட்டறைகளில் வார்த்தவை, எங்கள் ஆட்களே போய்ப் பொருத்தினார்கள். திறப்பு விழாவில் சிறுதொழில் சிறுதொழில் என்று மைக்கில் எத்தனை பேர் பேசினார்கள் தெரியுமா, எனக்கு ஒரு சால்வைகூடப் போர்த்தினார்கள்.

விழா முடிந்து மழைக்காலம் வரை சோதனைக்கு வரச்சொல்லி ஒரு தகவலும் இல்லை. சரி, நாமே போவோம் என்று அங்கப்பனும் நானும் ஆளுக்கொரு பம்பை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். கேட்டில் வாட்ச்மேன் நிறுத்திவிட்டான், உள்ள உட ஆர்டர் இல்லீங்கம்மா என்றான், பாவம் அவன் என்ன செய்வான். மேனேஜர் ஒருவன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து, சின்ன யூனிட்டுகளுக்கு ரெண்டாவது கட்டத்துலதானுங்க என்றான். அது எப்போது என்று கேட்டால் அது இன்னும் முடிவாகலீங்க என்கிறான். அவன் தோளுக்குப் பின்னால் தொட்டி ஓடுகிற சத்தம் கேட்கிறது, உன் மாமன் கம்பெனி பம்புகள் வரிசையாக உள்ளே போகின்றன, முன்னால் புல்தரைக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். அங்கப்பன், போலாமுங்க அக்கா, வெயில்ல நிக்காதீங்க என்று மட்டும் சொன்னார். திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் பேசவில்லை. என்னை நம்பிச் சேர்ந்த மனிதன், ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது.

அடுத்த வாரம் அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா மேற்பார்வைக்கு வந்தார், சங்கத்துக்காரர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பூங்கா அருமையாக நடக்கிறது என்று உன் மாமன் திரையில் படம் போட்டுக் காட்டி முடித்ததும் நான் எழுந்துவிட்டேன். தொட்டி பொதுன்னு சொன்னீங்களே தம்பி, எங்க பம்ப ஏனுங்க உள்ள உட மாட்டேங்கறீங்க என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, அக்கா, இத ஊட்டுல பேசிக்கலாமுங்க என்றான். ஊட்டு விசயமா இருந்தா ஊட்டுல பேசலாமுங்க, இது அரசாங்க நிலமுங்களே என்றேன். அந்த அதிகாரி அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு அவனைப் பார்த்தார். உடனே அவன் என்ன சொன்னான் தெரியுமா. நான் முடிவு பண்ணலீங்க மேடம், சின்ன யூனிட்டுகள ரெண்டாவது கட்டத்துல சேத்துக்கலாம்னு யோசன சொன்னதே இந்த அக்காவோட மகந்தானுங்க, அமெரிக்காவுல பம்ப் ஆராய்ச்சி பண்றாப்ல, போன்ல அவர் சொன்னபடிதானுங்க செஞ்சுபோட்டோம் என்றான்.

கண்ணு, அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கப்பன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறான் என்று கத்த நினைத்தேன், ஆனால் உன் மாமன் பொய் சொல்லும்போது கழுத்தைச் சொறிவான், அன்றைக்குச் சொறியவில்லை. அதனால் அது நிஜம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எம்மகன் சொல்லியிருந்தா அதுவும் தப்புத்தானுங்க என்றேன். எங்க வால்வுக்கு முதல் கட்டம், எங்க பம்புக்கு ரெண்டாவது கட்டமுங்களா, அப்படீன்னா எங்க வால்வக் கழட்டிக் குடுத்துருங்க, ரெண்டாவது கட்டத்துல கொண்டாந்து மாட்டிக்கறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சும்மா சொன்னேன் என்று நினைத்திருப்பார்கள். திங்கட்கிழமை சங்கத்துக்காரர்கள் எல்லோரும் ஆட்களோடு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனோம். உன் அப்பாவும் முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு வந்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அத்தனை பேரைப் பார்த்ததும் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டான். நான் நேரே தொட்டிக்குப் போய் நம் பட்டறையில் வார்த்த வால்வில் ஸ்பேனரை மாட்டி முதல் போல்ட்டைத் தளர்த்தினேன். தண்ணீர் பீய்ச்சி என் சேலையெல்லாம் நனைந்தது. மேனேஜர் போலீஸ் என்றான், கூப்பிடுங்க என்று அப்பா அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். உன் மாமன் காரில் ஓடி வந்தான். கழட்டாதீங்க அக்கா, எம்மானம் போயிருமுங்க என்று கையைப் பிடித்தான். அவன் முகம் பயந்துபோயிருந்தது, ஆனாலும் நான் ஸ்பேனரை எடுக்கவில்லை. அவன் அங்கிருந்தே அந்த அதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினான். வாரத்தில் இரண்டு நாள் சின்னப் பட்டறைகளுக்கு என்று அந்த அம்மா உத்தரவு போட்டார், சாயங்காலமே நோட்டீசுப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் போல்ட்டைத் திரும்ப முறுக்கினேன்.

இன்னொன்றையும் கேள், மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது. முதல் நாள் சோதனையில் அங்கப்பன் பம்ப் தேறியது, நம் பம்ப் தோற்றுவிட்டது. கரண்டைக் குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் தூக்கவில்லையாம், உள்ளே சுற்றுகிற இம்பெல்லரின் வார்ப்பு சரியில்லையாம். மேனேஜர் வாய்க்குள் சிரித்தான். சிரிக்கட்டும். தொடர்ந்து நம்மைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கோளாறு தெரியாமலே நான் குடியானவர்களுக்கு விற்றுக்கொண்டிருப்பேன், அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

தீபாவளிக்கு மாமன் வீட்டிலிருந்து ஒரு பலகாரம் வரவில்லை. போகட்டும், அவன் கோபம் பொங்கலுக்குள் ஆறிவிடும், எனக்கு அவனைத் தெரியும். உன்னைத்தான் எனக்குப் புரியவில்லை. எந்த நினைப்பில் அதைச் சொன்னாய் நீ. பெரிய கம்பெனி முதலில் சோதித்து ஓட்டிப் பார்க்கட்டும், சின்னவர்கள் பிறகு வரலாம் என்று அங்கே உட்கார்ந்து உனக்குத் தோன்றியிருக்கும், நியாயமாகக்கூடத் தோன்றியிருக்கும். அந்தச் சின்னவர்களில் உன் அம்மாவும் உண்டு என்று உனக்கு ஞாபகம் வரவில்லையா, இல்லை வந்தும் சொன்னாயா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. இதைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, கேட்டுவிட்டேன்.

தை மாதம் உன்னை அங்கே டைரக்டர் ஆக்கப்போவதாக மாமன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான், நீயும் வேலையை விடப்போவதாகப் புவனா எழுதியிருக்கிறாள். வா, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே நல்ல எஞ்சினியர் வேண்டும், நம் பட்டறைக்கே வேண்டும். ஆனால் அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் சங்கத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் நின்று, சொன்னது நான்தான், இன்ன காரணத்துக்காகச் சொன்னேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள். எனக்குத் தனியாக மன்னிப்புக் கடிதம் எதுவும் எழுதாதே, நான் பிரிக்கவே மாட்டேன்.

குழந்தைக்கு என் முத்தம். புவனாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நூறு வயசுக்குக் குறைவில்லாமல் இருக்க வேண்டும், என் கோபம் உங்கள் ஆயுசைத் தொடாது. டிக்கெட் போட்டதும் வருகிற தேதியை எழுது. விமான நிலையத்துக்குக் கார் அனுப்புவதாக மாமன் சொல்லியனுப்பினான், வேண்டாம் என்றுவிட்டேன். உன்னைக் கூட்டிவர அங்கப்பன் வருகிறார். வழியில் அவர் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார், அவர் குணம் அது. நீயாகத்தான் பேச்சை எடுக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
லட்சுமியம்மாள்