படிக்க வைத்த பரீட்சை

வியாழன். நாளை பௌர்ணமி.

மறதி நோய்க்குப் புது ஊசி மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரரை இன்று சென்னைக்கு அழைத்துப் போனேன். முதலில் ஞாபகப் பரீட்சை வைப்பார்களாம். அதில் தேறினால்தான் மருந்து என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு வாரமாகக் கிழமை, மாதம், ஊர்ப் பெயர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பஸ்ஸில்கூட விடவில்லை.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“இவ்ளோ நல்லா சொல்றவருக்கு இந்த மருந்து தர முடியாதும்மா.”

நான் படிக்க வைத்ததைச் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை.

“அப்ப இந்த டெஸ்ட் செல்லாதும்மா. ஆறு மாசம் கழிச்சுதான் மறுபடி வைக்க முடியும், அப்ப வாங்க. அதுக்குள்ள மறதி ரொம்ப ஜாஸ்தியாயிட்டா சேர்க்க மாட்டாங்க.”

ஆறு மாதம். இந்தச் சித்திரையில்கூட அடி அண்ணாமலையில் இருக்கும் தங்கை வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தவர். இப்போது வாசல் கேட்டைப் பூட்டி வைக்கிறேன்.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் எங்கள் ஊர் மலை தெரிந்ததும் எப்போதும் போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “எல்லாம் கரெக்டா சொன்னேனா டீச்சர்?” என்று கேட்டார்.

“சொன்னீங்க” என்றேன்.

அவ்வளவு பாடம் நடத்தியதில் என் பெயரைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதையும் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை.